வெறும் படலத்தில் பூத்த ஆறு இதழ்

உங்களுக்குப் பிடித்த படத்தைத்தான் முதலில் சந்தேகப்படுங்கள். ஆய்வுகூடத்துக்குப் புதிதாக வந்த பிள்ளைகளுக்கு நான் முப்பது வருசமாகச் சொன்னது இதுதான். சிலர் கேட்டார்கள். பலர் தலையாட்டிவிட்டுப் போய், தங்களுக்குப் பிடித்த படத்தையே சுவரில் ஒட்டினார்கள்.

இலத்திரன் நுணுக்குக்காட்டியை, அதுதான் எலெக்ட்ரான் மைக்ராஸ்கோப்பை, எப்படி இயக்குவது என்று நான் எழுதப்போவதில்லை. அது இயந்திரத்தோடு வருகிற கையேட்டில் இருக்கிறது. அதை வாசிக்கப் பஞ்சிப்படுகிறவர்கள் இந்தத் தொழிலுக்கு வரவேண்டாம். கையேட்டில் இல்லாத ஒன்றைச் சொல்லப்போகிறேன். அதில் பிழை விட்டது நான். ஒருவருடைய கலாநிதிப் பட்டம் அதனால் கிட்டத்தட்ட இல்லாமல் போனது.

எண்பதுகளின் நடுப்பகுதி. சூரிச்சில் ஒரு ஆய்வுகூடத்தில் கண்ணாடிச் சாமான் கழுவ என்னை எடுத்தார்கள். ஊரில், யாழ்ப்பாணத்தில், நான் இரசாயனம் படிப்பித்தவள். இங்கே அகதி விண்ணப்பம் போட்டு, பதில் வராமல், பக்கத்துப் பாடன் நகரில் ஒரு அறையில் கணவரோடு இருந்து, தினமும் ரயிலில் போய்க் குடுவை கழுவினேன். கழுவுகிற இடத்துக்குப் பக்கத்தில் இருட்டறை. அங்கே படம் கழுவிய பெண் பிள்ளைப்பேற்றுக்காக நின்றதும் என்னை அங்கே மாற்றினார்கள். இருட்டறையிலிருந்து நுணுக்குக்காட்டி இருந்த அறைக்குப் பத்தடி. அந்தப் பத்தடியை நடக்க எனக்கு எட்டு மாதம் எடுத்தது.

அந்த இயந்திரத்துக்குப் பொறுப்பாக இருந்த மனுசி பேர்ண் மலைப்பக்கத்தைச் சேர்ந்தவ. என்னைவிட இரண்டு வயது கூட. பட்டம் எதுவும் இல்லை. மதியத்தில் பின்வாசலில் நின்று, ஆம்பிளைகள் பிடிக்கிற குட்டைச் சுருட்டைப் பிடிப்பா. பேராசிரியர்கூட அவவிடம் கேட்டுவிட்டுத்தான் அந்த அறைக்குள் வருவார்.

முதல் நாள் என்னை இயந்திரத்துக்கு முன்னால் இருத்தி, ஒரு துளி மாதிரியை உள்ளே விட்டுக் கேட்டா: "என்ன தெரியுது?"

பச்சைத் திரையில் மணல் மணலாக இருந்தது. பார்த்துக்கொண்டே இருக்க, அங்கே ஒரு வட்டம், இங்கே ஒரு மூலை, ஏதோ ஒரு ஒழுங்கு தெரிகிற மாதிரி இருந்தது.

"ஏதோ வளையம் மாதிரி," என்றேன்.

"நூட்," என்றா. சுவிஸ் ஜெர்மனில் ஒன்றுமில்லை என்று அர்த்தம். "இதுக்குள்ளே புரதம் இல்லை. வெறும் காபன் படலம், மேலே யுரேனிய உப்புச் சாயம். இதைப் படம் எடுங்கள்."

"எத்தனை படம்?"

"ஒரு கிழமை."

ஒரு கிழமை முழுக்க ஒன்றுமில்லாததைப் படம் எடுத்தேன். ஒவ்வொரு நெகட்டிவையும் ஒரு கடதாசி உறைக்குள் போட்டு இலக்கம் எழுதினேன். அவ ஒவ்வொரு உறையின் பின்பக்கத்திலும் பென்சிலால் "நூட்" என்று எழுதி, மற்ற நெகட்டிவுகள் இருக்கிற அதே மேசை லாச்சிக்குள் வைத்தா. எனக்கு வந்த கோபம் கொஞ்சமில்லை. கறுப்பி, கழுவ வந்தவள், உனக்கு இதுதான் என்று சொல்லாமல் சொல்லுகிறா என்று நினைத்தேன். வீட்டில் போய்க் கணவரிடம் கத்தினேன். பிழையாக நினைத்திருக்கிறேன். ஒன்றுமில்லாதது எப்படி இருக்கும் என்று தெரியாதவர்களுக்கு ஏதாவது இருப்பது எப்படி இருக்கும் என்று தெரியாது. அதை அவ எனக்கு விளங்கப்படுத்தவில்லை. விளங்கப்படுத்தியிருந்தால் நான் அந்தப் பிழையை விட்டிருக்கமாட்டேன் என்று இன்றைக்கும் கொஞ்சம் கோபம் உண்டு.

அந்த ஆய்வுகூடத்தில் தமிழ் பேச இன்னொருவர் இருந்தார். மதுரைக்காரர், கலாநிதிப் படிப்புக்கு வந்தவர். நாலு வருசமாக ஒரே ஒரு புரதம். வளையம் போன்ற உருவம், அதன் விளிம்பில் சின்னச் சின்ன மொட்டுகள். எத்தனை மொட்டு என்பதுதான் கேள்வி. ஆறு என்று பேராசிரியர் எப்போதோ முடிவெடுத்திருந்தார். அந்த ஆறைக் கண்ணால் காட்டுவது மதுரைக்காரருடைய வேலை. உதவிப்பணமும் விசாவும் மார்ச்சோடு முடிகின்றன. ஆறு என்று காட்டிய கட்டுரை அதற்குள் போனால் பட்டம். இல்லையென்றால் வெறுங்கையோடு மதுரை.

தனி ஒரு வளையத்தின் படத்தில் மொட்டுகளை எண்ண முடியாது. எல்லாம் மணல். அதனால் அந்தக் காலத்தில் இருட்டறையில் ஒரு வழி வைத்திருந்தோம். நெகட்டிவிலுள்ள வளையத்தைப் பெருப்பித்துக் கீழே இருக்கிற படத்தாளில் விழுத்துவோம். தாள் ஒரு சுழலும் தட்டில் ஒட்டியிருக்கும். கொஞ்சம் வெளிச்சம் விட்டு, தட்டை வட்டத்தில் ஆறில் ஒரு பங்கு திருப்பி, மறுபடி வெளிச்சம் விட்டு, இப்படி ஆறு தரம். உண்மையில் ஆறு மொட்டு இருந்தால் மொட்டுக்கு மேல் மொட்டு விழுந்து ஆறு இதழ் பூவாகத் தெளியும். இல்லாவிட்டால் கலங்கிப்போகும். அப்படித்தான் நம்பினோம்.

தட்டைத் திருப்பியது என் கை. திருப்ப வேண்டிய வளையங்களைத் தெரிவு செய்ததும் என் கை. எல்லா வளையத்தையும் சிறிதாக அச்சடித்து, சதுரம் சதுரமாக வெட்டி, மேசையில் பரப்பிப் பொறுக்குவேன். அரிசியில் கல் பொறுக்கிப் பழகிய கை. நசிந்தது, கோணியது, ஒரு பக்கம் வீங்கியது எல்லாவற்றையும் கண் யோசிக்க முதலே விரல் தள்ளிவிடும். தள்ளியவை ஒரு பிஸ்கட் தகரத்துக்குள் போகும், ஏனென்றால் எதையும் எறியக்கூடாது என்பது அந்த மனுசியின் கட்டளை.

"அக்கா, இன்னிக்கு எத்தனை தேறுச்சு?" என்று பின்னேரங்களில் மதுரைக்காரர் எட்டிப் பார்ப்பார்.

"நாப்பது."

"நேத்து முப்பதுதானே? கலக்குறீங்க."

"கலக்கிறது மருந்தை. நான் பொறுக்கிறன். மதுரையில ஒருத்தருக்கும் பொறுமை இல்லையோ?"

"யாழ்ப்பாணத்துல யாருக்கும் சிரிக்க வராதா அக்கா?"

நல்ல பிள்ளை. ஊரிலிருந்து வந்த ஊறுகாயில் பாதியைப் போத்தலோடு தந்தவர். அவருக்கு நல்ல படம் கொடுக்கவேணும் என்று எனக்கு ஆசை. "நல்லதா எடுங்க அக்கா" என்றுதான் அவர் சொன்னார், "ஆறு போல இருப்பதை எடுங்கள்" என்று சொல்லவில்லை. ஆனால் விடை ஆறு என்று எல்லோருக்கும் தெரிந்த வீட்டில் நல்லது என்றால் என்ன? ஆறு போல இருப்பதுதான் நல்லது. ஐந்தாகவும் ஏழாகவும் திருப்பிப் பார்த்தோமா என்று கேட்பீர்கள். பார்த்தோம். ஆறுதான் வடிவாக வந்தது. வராமல் என்ன செய்யும்? ஆறு போலில்லாத எல்லாம் தகரத்துக்குள் கிடந்ததே.

கட்டுரை முடிந்தது. வியாழக்கிழமை பதினொரு மணி ரயிலில் பேராசிரியர் அதைப் பாசல் நகருக்குக் கொண்டுபோய், கூட எழுதியவரிடம் கையொப்பம் வாங்கி அனுப்புவதாக ஏற்பாடு. செவ்வாய்க்கிழமை காலையில் மதுரைக்காரர் ஓடி வந்தார்.

"அக்கா, முதல் படம் கொஞ்சம் டல்லா இருக்குன்னு புரொபசர் சொல்றார். இன்னும் ஒண்ணே ஒண்ணு. பளிச்சுன்னு."

அவசரம். அச்சடித்து வெட்டிப் பொறுக்க நேரமில்லை. லாச்சியிலிருந்து ஒரு உறையை இழுத்து, நெகட்டிவை வெளிச்சப் பெட்டியில் வைத்து, உருப்பெருக்கிக் கண்ணாடியால் தேடினேன். அரை மணித்தியாலத்தில் அருமையான வளையம் ஒன்று அகப்பட்டது. குறித்து, இருட்டறைக்குள் கொண்டுபோய், ஆறு தரம் திருப்பினேன். மருந்துத் தட்டில் அந்தப் பூ மெல்ல எழும்பி வந்ததை இப்போதும் காண்கிறேன். ஆறு இதழ், அளந்து வெட்டிய மாதிரி. நான் அதுவரை செய்தவற்றில் அதுதான் திறம்.

மதுரைக்காரர் ஈரம் காயமுன்னமே தூக்கிக்கொண்டு ஓடினார். பேராசிரியர் முதலாம் படமாக அதை ஒட்டச் சொன்னாராம். ஆய்வுகூடத்தில் கேக் வெட்டினார்கள். எனக்கும் ஒரு துண்டு வந்தது.

கேக்கைத் தின்றபடி நெகட்டிவை உறைக்குள் போட்டேன். லாச்சியில் வைக்க உறையைத் திருப்பினேன். பின்பக்கத்தில் பென்சில் எழுத்து. நூட்.

மிச்சக் கேக்கைக் குப்பைக்கூடைக்குள் போட்டேன்.

முதலில் எனக்கு வந்த யோசனை நல்ல யோசனையில்லை. சொல்கிறேன், ஏனென்றால் உங்களுக்கும் அதுதான் முதலில் வரும். "சின்னக் கீறல் கண்டேன், வேறு படம் தருகிறேன்" என்று சொல்லி, உண்மையான புரத நெகட்டிவிலிருந்து ஒன்றைச் செய்து மாற்றிவிடலாம். ஒருவருக்கும் தெரியாது. அன்று பின்னேரம் வீட்டில் கணவரிடம் சொன்னேன். அவர் சூரிச்சின் லாங்ஸ்ட்ராஸத் தெருப் பக்கம் ஒரு உணவகத்துக் குசினியில் கோப்பை கழுவிக்கொண்டிருந்தார்.

"சூப்புக்குள்ள தலைமயிர் கிடந்தால் எடுத்துப் போட்டிட்டு அதே சூப்பைத்தான் அனுப்புவினம்," என்றார். "குசினியில நடக்கிறது ஆருக்குத் தெரியும்?"

"அது சரியோ?"

"நான் கோப்பை கழுவுறவன். சூப்பைப் பற்றி என்னட்டக் கேளாதை." பிறகு சொன்னார்: "ஆனால் அந்தச் சூப்பை நான் குடிக்கமாட்டன்."

புதன்கிழமை காலை அதே வளையத்தில் இன்னொரு பிரதி எடுத்து, அந்த மனுசியிடம் படத்தையும் உறையையும் காட்டினேன். ஏசுவா என்று நினைத்தேன். படத்தைத் தூரத்திலும் கிட்டவும் பிடித்துப் பார்த்தா.

"மாற்றிவிடலாம்," என்றேன்.

"மாற்றலாம். ஒரு பொய் குறையும். மிச்சப் படங்கள் உண்மையா?"

"அவை புரத நெகட்டிவில் இருந்து எடுத்தவை."

"இதை எடுக்கும்போதும் அப்படித்தானே நினைத்தீர்கள்?"

அவ லாச்சியைத் திறந்து இன்னும் நாலு நூட் உறைகளை எடுத்து மேசையில் போட்டா. "தேடுங்கள்," என்றா. தேடினேன். இப்போது வெறும் படலம் என்று தெரிந்தே தேடினேன், அப்படியும் வளையங்கள் அகப்பட்டன! ஆறாகத் திருப்பினால் ஆறு இதழ். ஏழாகத் திருப்பினால் ஏழு. மணலைத் திருப்பினாலும் பூ வரும், வருகிற மணலைத் தேடி எடுக்க ஒரு கண் இருந்தால். அந்தக் கண் என்னுடையது. மதியத்துக்குள் நாலு பூ கழுவித் தொங்கவிட்டோம்.

"பேராசிரியரிடம் நீங்கள் சொல்லுவீர்களா?" என்று கேட்டேன்.

"புரதம் என்னுடையதில்லை," என்று சொல்லிவிட்டு அவ சுருட்டுப் பிடிக்கப் போய்விட்டா.

புரதம் என்னுடையதும் இல்லை. அது அவருடையது. கழுவுகிற தொட்டிக்குப் பக்கத்தில் மதுரைக்காரரைக் கூப்பிட்டு, நாலு படத்தையும் வரிசையாக வைத்து, எது நல்லது என்று கேட்டேன்.

"இது," என்று மூன்றாவதைத் தொட்டார். "நேத்து குடுத்ததைவிட நல்லாருக்கே!"

உறைகளைத் திருப்பி வைத்தேன். நாலு நூட். ஐந்தாவதாக நேற்றைய உறையையும் வைத்தேன்.

"என்னக்கா இது?"

"வெறும் படலம், தம்பி. நேற்றுத் தந்ததும் அதுதான்."

சிரித்தார். நான் சிரிக்கவில்லை என்று கண்டதும் முகம் போய்விட்டது. "மாத்திக் குடுத்திருக்கலாமே. எனக்கே தெரிஞ்சிருக்காதே. உங்களுக்கு ஏன்க்கா இந்த வேலை?"

"மாத்தினால் மற்றப் படங்கள்? அதுகளும் நான் பொறுக்கினதுதான்."

"அப்ப ஆறு இல்லையா?"

"தெரியாது. ஆறாயும் இருக்கலாம். எங்களுக்குத் தெரியாது எண்டதுதான் உண்மை."

"மார்ச்சோட எனக்கு விசா முடியுது. எங்கப்பா ஊரெல்லாம் டாக்டர் டாக்டர்னு சொல்லி வச்சிருக்கார். எந்த மூஞ்சியோட போய் நிக்கிறது? உங்களுக்கென்ன, நீங்க டெக்னீஷியன்."

அப்போதுதான் எனக்குச் சூடு ஏறியது. "எனக்கு விசாவே இல்லை, தம்பி. இந்த வேலை போனால் எனக்கு என்ன நடக்கும் எண்டு எனக்கே தெரியாது. உம்மட அப்பாவுக்கு ஒரு பொய்யை ஏழு கடல் தாண்டிக் கொண்டுபோய்க் குடுக்கப் போறீரோ? நாளைக்கு எவனாவது எல்லா வளையத்தையும் எண்ணிப் பார்த்தால் அப்ப எந்த மூஞ்சி?"

அவர் தொட்டி விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றார். கண் கலங்கியது. எனக்குத் தாங்கவில்லை, ஆனால் விடவும் முடியவில்லை.

"இது உம்மட புரதம்," என்றேன். "சொல்லுறதெண்டால் நீர்தான் சொல்லவேணும். நாளைக்குக் காலமை ஒன்பது மணி மட்டும் நான் வாய் திறக்கமாட்டன். ஒன்பது அடிச்சால் நான் போவன்."

பிள்ளைகள், இதைக் கவனியுங்கள். பிழையைக் கண்டதும் அடுத்தவரின் தலைக்கு மேலால் ஓடிப்போய் மேலிடத்தில் சொல்லாதீர்கள். பேசாமலும் இருக்காதீர்கள். அதைச் சுமக்கப்போகிறவருக்கு முதலில் சொல்லுங்கள். கொஞ்ச நேரம் கொடுங்கள். ஆனால் நேரத்துக்கு ஒரு முடிவு வையுங்கள். முடிவு வைக்காவிட்டால் அது கருணை இல்லை, கூட்டுக்களவு.

போகும்போது திரும்பிப் பார்த்துக் கேட்டார்: "அந்த பிஸ்கட் டப்பா இருக்கா?"

"இருக்கு."

"அதக் குடுங்க."

வியாழக்கிழமை நான் எட்டு மணிக்கு வந்தபோது அவர் ஏற்கெனவே பேராசிரியரின் அறைக்குள் இருந்தார். எட்டரைக்கு என்னைக் கூப்பிட்டார்கள். மேசையில் ஐந்து பூ, ஐந்து உறை, பிஸ்கட் தகரம், கட்டிய கட்டுரைப் பொதி.

"தெரிவு செய்தது யார்?" என்று பேராசிரியர் கேட்டார்.

"நான்," என்றார் மதுரைக்காரர்.

"பொய்," என்றேன். "நான்."

பேராசிரியர் எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு பென்சிலை எடுத்து முதலாவது பூவின் இதழ்களைத் தொட்டுத் தொட்டு எண்ணினார். நான் அவரைக் கர்வம் பிடித்தவர் என்று நினைத்திருந்தேன். அவர் சொன்னது இது: "செவ்வாய்க்கிழமை நானும் எண்ணினேன். ஆறு வந்தது. எனக்குச் சந்தோசமாக இருந்தது. உறையைக் கேட்க எனக்குத் தோன்றவில்லை." பொதியை லாச்சிக்குள் போட்டுப் பூட்டினார். தொலைபேசியில் பாசலுக்கு அழைத்து, வரவில்லை என்றார். பிறகு எங்களை வெளியே போகச் சொன்னார். மூன்று கிழமை எங்களோடு கதைக்கவில்லை. நாலாம் கிழமை மதுரைக்காரருக்கு எட்டு மாத நீடிப்புக் கேட்டுக் கடிதம் எழுதிக் கையொப்பம் வைத்தார்.

அந்த வியாழன் மதியம் பின்வாசலில் அந்த மனுசி எனக்குக் கை நீட்டித் தன் முதற்பெயரைச் சொன்னா. இந்த நாட்டில் அப்படிச் செய்தால் இனி நீங்கள் இல்லை, நீ என்று அர்த்தம். சிலர் இருபது வருசம் ஒன்றாக வேலை செய்தும் அதைக் கொடுப்பதில்லை. அந்தப் பெயரை இங்கே எழுதமாட்டேன். அவ விரும்பமாட்டா.

எட்டு மாதமும் நரகம். தகரத்திலிருந்த கோணல் வளையங்கள், நான் பொறுக்கிய வளையங்கள், புதிதாக எடுத்தவை, எல்லாவற்றையும் ஒன்றையும் தள்ளாமல், பக்கத்துக் கட்டிடத்திலிருந்த கணினிக்குக் கொடுத்தோம். எத்தனை மொட்டு என்று அதற்கு முன்கூட்டிச் சொல்லவில்லை. ஒவ்வொரு தரமும் வெறும் படலத்தையும் கூடவே கொடுத்தோம். வெறும் படலத்தில் ஒன்றும் வரவில்லை. வளையங்களில் வந்தது. ஏழு. நான் வீங்கியது, கோணியது என்று தள்ளியவற்றில் பாதிக்கு மேல் நல்ல ஏழு மொட்டு வளையங்கள்.

இப்போது நீங்கள் ஒரு நாளில் லட்சம் மூலக்கூறு பொறுக்குகிறீர்கள். பொறுக்குவது கணினி. முன்மாதிரி ஒன்றைக் காட்டி இதைப் போலத் தேடு என்று நீங்கள் சொல்ல, அது தேடித் தருகிறது. என் விரலைவிட வேகம், அவ்வளவுதான். அதுவும் உங்களுக்குப் பிடித்ததைத்தான் தரும்.

மதுரைக்காரருடைய பட்டத்துக்கான நேர்முகத்துக்குக் கடைசி வரிசையில் நானும் அந்த மனுசியும் இருந்தோம். அவர் கறுப்புக் கோட்டுப் போட்டிருந்தார், கை கொஞ்சம் நீளம், யாரிடமோ இரவல். விளக்கை அணைத்து முதலாம் படத்தைத் திரையில் விட்டார். அந்தப் பூ. அளந்து வெட்டிய மாதிரி.

வெளியிலிருந்து வந்த பரீட்சகர் மூக்குக்கண்ணாடியை ஏற்றிக்கொண்டார். "அழகான படம்," என்றார். "ஆனால் உங்கள் ஆய்வேட்டில் ஏழு என்று எழுதியிருக்கிறீர்கள். இங்கே ஆறு தெளிவாகத் தெரிகிறதே. இந்தப் படத்தில் எத்தனை?"

"சைபர்," என்றார் மதுரைக்காரர்.

இருட்டுக்குள் முதலில் சிரித்தது பேராசிரியர்.

அந்தப் படம் இப்போது என்னிடம் இருக்கிறது. பட்டம் வாங்கிக்கொண்டு போகமுதல் அவர் தந்தது. பார்க்க விரும்புகிறவர்கள் வாருங்கள், காட்டுகிறேன். உறையோடு சேர்த்துத்தான் வைத்திருக்கிறேன்.